பன்னிரண்டாவது சர்

இறந்துபோன அப்பாவின் கன்னத்தில் சோப்பு நுரையைத் தடவிக்கொண்டிருந்தான் ஜெரார்டு. முள் தாடியோடு பெட்டிக்குள் போக அவர் சம்மதிக்கமாட்டார்.

கீழே தொலைபேசியில் வேலைக்காரி ஹெஸ்டரின் குரல் கேட்டது. "ஆமாங்க, சர் பியர்ஸ்... விடியக்காலைலதாங்க. உங்க அண்ணன் கூடவே இருந்தாரு, சர் பியர்ஸ்."

சவரக்கத்தி நின்றது. அப்பாவின் உடம்பில் சூடு ஆறவில்லை. அதற்குள் தம்பி 'சர்' ஆகிவிட்டான்.

முந்நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு ராஜாவிடம் பாட்டன் பூட்டன் யாரோ வாங்கிய 'சர்' பட்டம் அது. மூத்த மகன், அவனுக்கு மூத்த மகன் என்று கைமாறி, பதினோராவதாக அப்பாவிடம் வந்தது. மூத்தவன் ஜெரார்டுதான். ஆனால் அவன் பிறந்த பிறகுதான் அப்பா அம்மாவைத் தேவாலயத்துக்குக் கூட்டிப்போய் மோதிரம் போட்டார். கல்யாணத்துக்கு முன்னால் பிறந்தவனுக்குப் பட்டம் இல்லை. அவன் ஆடுகளுக்குப் பிரசவம் பார்க்கலாம், கூரை ஒழுகினால் ஏறி அடைக்கலாம், அப்பாவுக்குப் படுக்கையிலேயே கால் கழுவிவிடலாம். அதற்கெல்லாம் தடையில்லை.

லண்டனிலிருந்து பியர்ஸ் வந்து சேர மாலையாகிவிட்டது. ஹெஸ்டர் ஓடிப்போய் அவனுடைய கோட்டை வாங்கினாள். ஜெரார்டின் கோட்டை அவள் ஒருநாளும் வாங்கியதில்லை.

"அந்த சர் எல்லாம் வேணாம் ஹெஸ்டர். கேக்கவே என்னவோ மாதிரி இருக்கு" என்றான் பியர்ஸ்.

வேண்டாமாம். ஜெரார்டுக்கு அதுதான் இன்னும் எரிந்தது.

அப்பாவைப் பார்த்துவிட்டு வந்த பியர்ஸ் சமையலறை மேசையில் உட்கார்ந்தான்.

"அண்ணா, கடைசில என்னைக் கேட்டாரா?"

கேட்டார். விடியும் நேரத்தில் ஜெரார்டின் கையைப் பிடித்துக்கொண்டு, "பியர்ஸ், வந்துட்டியாடா?" என்றார். ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப. "வந்துட்டேம்ப்பா" என்று ஜெரார்டுதான் சொன்னான். அப்புறம்தான் அவர் முகம் தெளிந்தது.

"யாரையும் கேக்கல. தூக்கத்துலயே போயிட்டாரு."

பியர்ஸ் தலையை ஆட்டினான். மேசை விரிப்பின் நூலொன்றைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தான்.

"சின்ன வயசுலேர்ந்தே உன்னைத்தான் கூடக் கூட்டிட்டுப் போவாரு. என்னை விடுதிக்கு அனுப்பிட்டாரு. சிரிக்காதே... உன்னைப் பாத்தா எனக்கு எப்பவுமே பொறாமைதான்."

ஜெரார்டு எழுந்துபோய்க் கெட்டிலில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தான். தம்பிக்கு முதுகைக் காட்டியபடியே நின்றான்.

பின்னாலிருந்து விசும்பல் கேட்டது. தண்ணீர் கொதித்துக் கெட்டில் விசிலடித்தது. அதை இறக்காமல் அப்படியே கத்த விட்டான் ஜெரார்டு.