மணலில் அடித்த முளை

நாளை பௌர்ணமி. திருமானூரில் கவியாவுக்குக் காதுகுத்து. குழந்தை உட்கார வேண்டியது தாய்மாமன் செல்லக்கண்ணுவின் மடியில். தங்கை அம்பிகாவுக்கு அவனை விட்டால் உடன்பிறப்பு இல்லை.

அவன் அந்தமானில் ஒரு பாய்மரப் படகில் சமையல்காரன். ஏறி இரண்டு மாதம். ஒன்பது மணிக்குப் பாய் விரித்தால் ஒரு மணிக்குப் போர்ட் பிளேர். மூன்று மணிக்கு விமானம். கம்மல் சட்டைப்பையில் இருந்தது.

"நீ வரலன்னா என் ஓர்ப்படி வாயில வுழுந்து எந்திரிக்க முடியாதுண்ணே. அவளுக்கு அண்ணன் தம்பி நாலு பேரு" என்று அம்பிகா நேற்று போனில் சொல்லியிருந்தாள்.

காலை ஆறு மணி. எதிரே ஆளில்லாத சின்னத் தீவு. படகின் சொந்தக்காரர் பிரேம் கேமராவை மாட்டிக்கொண்டார். படகில் அவர்கள் இருவர்தான்.

"ஒரு மணி நேரம்தான். நடந்தே சுத்திட்டு வந்துரலாம்."

"ஊருக்குப் போவணும் சார்."

"உங்க ஊர் ராஜா கப்பல்லயே கடாரம் போனவர்ப்பா."

"அவரு கங்கைகொண்ட சோழபுரம் சார். நான் குன்னம். வெங்காயம் போடுற ஊரு."

பிரேம் சிரித்தபடி ரப்பர் படகை இறக்கினார். கரையில் "கட்டிட்டு வா" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

ரப்பர் படகுக்குள் சின்ன நங்கூரம் கிடந்தது. செல்லக்கண்ணு அதைத் தொடவில்லை. ஒதுங்கிக் கிடந்த கட்டையை எடுத்து, கல்லால் மணலில் அடித்து இறக்கினான். காளைக்குப் போடும் முடிச்சைப் போட்டான். அவன் அடித்த முளையை எந்த மாடும் பிடுங்கியதில்லை.

தாழம்புதர். செருப்பைக் கிழிக்கும் பவளப்பாறை. பிரேம் ஒவ்வொரு நண்டுக்கும் நின்றார்.

"சார், மணி எட்டு."

"இதோ."

ஓரிடத்தில் பாறைக்குள் சிப்பி பதிந்திருந்தது. குன்னத்தில் வெங்காயக் கொல்லையிலேயே இந்தக் கல் கிடைக்கும். சொன்னால் இன்னும் அரைமணி நேரம் நிற்பார். அதன் மேல் காலை வைத்து மறைத்துக்கொண்டான்.

திரும்பி வந்தபோது மணி ஒன்பதரை. கரையைக் காணோம். கடல் மரத்தடியில் நின்றது. ரப்பர் படகு தூரத்தில் போய்க்கொண்டிருந்தது, முளையையும் இழுத்துக்கொண்டு. நீரோட்டத்தைப் பார்த்து இருவரும் இறங்கவில்லை.

"முளையா அடிச்ச? கடல் என்ன மாடா?"

"ஒரு மணி நேரம்னீங்க சார்."

"பௌர்ணமிக்குத் தண்ணி ஏறும்னு கூடவா தெரியாது?"

இரண்டு மாதமாக அவன் விரல்விட்டு எண்ணியது அந்தப் பௌர்ணமியைத்தான்.

இரண்டு மணிக்கு மீன்பிடிப் படகு ஒன்று ரப்பர் படகைக் கொண்டுவந்து சேர்த்தது. மாலையில் சிக்னல் கிடைத்தது.

"ஏறிட்டியாண்ணே?"

சொன்னான். மறுமுனையில் பந்தல்கால் ஊன்றும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெண்குரல்: "என்ன, ஒங்கண்ணன் கடல் தாண்டிட்டாரா?"

"வரலயாம்" என்று அங்கே சொன்னாள் அம்பிகா. பிறகு அவனிடம், "ஓர்ப்படி தம்பிய உக்காரச் சொல்லிடுறேன்."

"கம்மலு?"

"அதுவும் அவங்களே போட்டுடுவாங்க."

"அம்பிகா..."

"சிக்னலு வுட்டு வுட்டு வருதுண்ணே. வச்சிடு."

சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.