மான் கேட்ட காலடி

எழுத்துப் பழக்கம் இல்லாத ஒருவர் இதை எழுத முற்பட்டமைக்கு, வாசிக்கும் பெரியோர்கள் முதற்கண் பொறுத்தருள வேண்டும். இதைவிடச் செம்மையாகச் சொல்லக்கூடியவர்கள் கடலூரில் பலர் உண்டு. அவர்களில் எவரும் எழுத முன்வராததால் மட்டுமே இந்தத் துணிவு. சென்ற ஆண்டு ஈஸ்டர் கழிந்த வாரத்திலிருந்து, அண்ணாகிராமத்து முந்திரித் தோப்புகளில் திரியும் ஒரு புள்ளிமானுக்குக் கேட்பதெல்லாம், மஞ்சக்குப்பத்தில் குடியிருக்கும் திருமதி ரீட்டா அவர்களுக்கும் கேட்கிறது.

நடந்தது இவ்வளவுதான். ரீட்டா தம் பிறந்த வீட்டாரின் தோப்பில் குனிந்து முந்திரிக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தபோது, உதிர்ந்த பழத்துக்காகத் தாழ்ந்த கிளைக்குள் தலையை நுழைத்த ஆண் புள்ளிமானின் கொம்பில் அவருடைய தாலிச் சங்கிலி மாட்டிக்கொண்டது. இருவரும் ஒரே சமயத்தில் திடுக்கிட்டார்கள். சங்கிலி அறுந்து கொம்போடு போயிற்று. அன்று மாலை மஞ்சக்குப்பம் வீட்டில் சோறு வடித்துக்கொண்டிருந்த ரீட்டா, முந்திரிச் சருகின் மேல் ஓணான் ஓடுவதாகச் சொன்னார். மறுவாரமே தெருப் பெண்கள் இதற்குப் பழகிவிட்டார்கள். தோப்போரம் நின்று வியாபாரிகள் பேரம் பேசுவது மானின் காதில் விழுமாதலால், பண்ருட்டியில் அன்றைக்குக் கொட்டை என்ன விலை என்பதை ரீட்டாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே அவர்கள் தங்கள் ஊர்க்காரர்களுக்குப் போன் செய்தார்கள்.

பழக இயலாமல் போனவர் அவருடைய கணவர் தைரியராஜ் ஒருவரே. மஞ்சக்குப்பத்தில் ஓர் அலுவலகத்தில் கோப்புகளைப் பார்த்துவரும் அவர், புதுத் தாலி ஒன்றைச் செய்து, பங்குச் சாமியாரிடம் மந்திரித்து வாங்கிப் போட்டுப் பார்த்தார். கேட்பது நிற்கவில்லை. ரீட்டா பேச்சின் நடுவே மேற்குப் பக்கமாகத் தலையைத் திருப்பி நின்றுவிடுவார். பிறகு அந்தப் பேச்சு முடிவதே இல்லை. ஒருநாள் பகலில் அண்ணாகிராமத்து நாய்கள் மானைத் துரத்தியபோது, கையில் கரண்டியோடு ரீட்டாவும் தெருமுனைவரை ஓடினார். அந்த மானுக்கு ஏதேனும் நேர்ந்தால் இவளுக்கு என்ன ஆகும் என்ற கேள்வி அன்றுமுதல் தைரியராஜின் மனத்தில் உட்கார்ந்துகொண்டது. மானை நெருங்கிச் சென்று சங்கிலியைக் கழற்றிவிடுவது என்று முடிவு செய்தார். துப்பாக்கி, வலை, கண்ணி எதுவும் அவர் எண்ணத்தில் இல்லை. சட்டமும் இடங்கொடாது, மானின் உடம்பில் ஒரு கீறல் விழுந்தால் அது ரீட்டாவின் உடம்பில் எங்கே தெரியுமோ என்ற அச்சமும் இருந்தது. ஆகவே அவருக்கு வேண்டியிருந்தவை, தக்க உடையும் ஓசைப்படாத சாமான்களுமே.

முதல் ஞாயிறு அவர் திருப்பலி முடிந்த கையோடு, கோயிலுக்குப் போட்ட பேண்ட் சட்டையுடனேயே போனார். மான் வாலைத் தூக்கிக்கொண்டு மறைந்தது. வீடு திரும்பியபோது ரீட்டா சிரிப்பை அடக்கியபடி காப்பி கொடுத்தார்.

"பேண்ட்டு ரெண்டு காலும் உரசுது, சரக்கு சரக்குன்னு. சாவிக்கொத்து வேற. ஒரு மாட்டு வண்டியே வர்ற மாதிரி இருந்துச்சுங்க."

இப்படியாக, தாம் நெருங்க வேண்டிய மானின் காதையே வீட்டில் வைத்துக்கொண்டு, தைரியராஜ் தம் உடைகளைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினார். ஒவ்வொரு ஞாயிறும் ஒன்றை விலக்கினார். பாலியஸ்டர் போய்ப் பலமுறை துவைத்துத் தளர்ந்த பருத்தி வந்தது. பெல்ட்டுக்குப் பதில் நாடா. குதிகாலில் அடிக்கும் ரப்பர் செருப்பு போய், கான்வாஸ் ஷூவும் அதன் அடியில் சைக்கிள் டியூபும் வந்தன. பிளாஸ்டிக் பாட்டில் நெளிந்து ஓசையிட்டதால் எவர்சில்வர் பாட்டிலைத் துண்டில் சுற்றி எடுத்துப் போனார். பைனாகுலரின் மூடி நெஞ்சில் தட்டுகிறது என்று ரீட்டா சொன்னதால், மூடியை வீட்டிலேயே வைத்துவிட்டார். சோப்பு, பவுடர், தலைக்கு எண்ணெய் மூன்றையும் சனிக்கிழமையே நிறுத்திவிடுவார். அலுவலகத்தில் திங்கட்கிழமைகளில் அவருக்குப் பக்கத்து நாற்காலி காலியாகவே இருந்தது.

ஓசை போயிற்று; உருவம் மட்டும் மிஞ்சியது. அதற்காகச் சிதம்பரம் சென்றார். அங்கே ஆட்டோ ஓட்டிவரும் கொளஞ்சி அவருடைய பள்ளித் தோழர். அண்ணாகிராமத்தில் ரீட்டா வீட்டுத் தோப்புக்கு அடுத்த தோப்பு கொளஞ்சியின் குடும்பத்தாருடையது. மாணவர்கள் முகாமுக்குப் போட்டுச்செல்லும், ராணுவத்தார் உடுப்பைப் போலப் புள்ளிபோட்ட பச்சை உடுப்பு கீழவீதிப் பக்கம் ஒரு கடையில் கிடைக்கும் என்று அவர்தாம் அழைத்துப் போனார். கடைக்காரப் பெண் புஷ்பவள்ளி, எந்தக் கல்லூரி, பையன் என்ன அளவு என்று விசாரித்தாள். தமக்குத்தான் என்று தைரியராஜ் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, கொளஞ்சி கடை வாசலிலேயே சிரித்துவிட்டார்.

"கண்ணுல படாம இருக்கறதுக்கா மச்சான் துணி எடுக்கற? பதினஞ்சு வருசமா அந்த ஆபீசுல யாரு கண்ணுலதான் நீ பட்டுருக்க?"

புஷ்பவள்ளி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். தைரியராஜ் கோபிக்கவில்லை. உடுப்பைப் போட்டுக் கண்ணாடி முன் நின்று, கைகளைத் தூக்கியும் குந்தியும் அது ஓசைப்படுகிறதா என்று பார்த்தபின் வாங்கிக்கொண்டார்.

அந்த உடுப்பு பயன்படவில்லை. சருகுகூட அசையாத இடத்திலும் மான் நிமிர்ந்து நேராக அவரையே பார்த்தது; பார்த்தபின் போனது. அடுத்த வாரமும் அப்படியே, அதற்கடுத்த வாரமும் அப்படியே. போனில் ஒரு வீடியோவைத் தேடிப் பார்த்ததில், மானுக்குச் சிவப்பும் காவியும் மங்கலாகவே தெரியும் என்றும், நீலம் மட்டும் விளக்குப் போட்டதுபோலத் தெரியும் என்றும் ஒருவர் விளக்கினார். பச்சை உடுப்பில் நீலம் ஏது என்று குழம்பிய தைரியராஜ், அதை வெயிலில் விரித்துப் பார்த்தபோதுதான் கவனித்தார். வெள்ளைச் சட்டைக்குப் போடும் சொட்டு நீலத்தில் அது வாராவாரம் முக்கியெடுக்கப்பட்டிருந்தது. தையல் ஓரங்களில் நீலம் திட்டுத்திட்டாக நின்றது.

மஞ்சக்குப்பத்து வீடுகளில் எந்தத் துணிக்கும் நீலம் போட்டுவிடுகிற கைப்பழக்கம் உண்டு. அப்படி நேர்ந்த பிழை என்றே அவர் முதலில் எண்ணினார். ஆனால் பிழை செய்தவர் முகம் அப்படி இருக்கவில்லை. ரீட்டா துணிக்கல்லின்மேல் அமர்ந்து, புடவைத் தலைப்பைப் பிழிந்தபடி இருந்தார்.

"தெரிஞ்சுதான் போட்டேன். அந்த மாதிரி வீடியோவ நான் முன்னயே பாத்துட்டேன்," என்றார். "பச்சைத் துணிக்கு யாராவது நீலம் போடுவாங்களா? கல்யாணம் ஆன நாள்லேந்து நீங்க வீட்டுக்கு வர்றது எனக்குக் கேட்டதே இல்லைங்க. கதவு தெறக்கும், வந்துருப்பீங்க. அங்க தோப்புல மட்டுந்தான் தூரத்துலேந்தே கேக்குது. நின்னு நின்னு, மூச்சைப் புடிச்சுப் புடிச்சு, என்னப் பாத்தே வர்றீங்க. கழட்டிட்டீங்கன்னா அப்பறம் யாரு வருவா?"

போன ரெண்டு வாரமாக உங்கள் காலடி எதுவுமே காதில் விழவில்லை என்றும், நீங்கள் வரவில்லையோ என்று நினைத்து அழுததாகவும் அவர் சேர்த்துச் சொன்னார். தைரியராஜ் உடுப்பைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனார். பேசத் தெரியாதவர்களுக்குச் சில சமயம் பிடிவாதம் வந்துவிடுகிறது. நாய்கள் துரத்திய பகலும் கரண்டியோடு ஓடிய மனைவியும்தான் அவர் கண்ணில் நின்றன. அடுத்த ஞாயிறு, வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் போகும்போது உடுத்தும் காவி வேட்டியையும் காவிச் சட்டையையும் பெட்டியிலிருந்து எடுத்து அணிந்தார். மாதாவுக்கு நேர்ந்து உடுத்தும் துணிக்கு எவரும் நீலம் போடுவதில்லை.

அன்று மான் அவரைப் பார்க்கவில்லை. காற்று எதிரே வந்தது. சைக்கிள் டியூப் ஒட்டிய காலை ஒவ்வொன்றாக வைத்து, ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு அவர் நகர்ந்ததை ஓணான்கள்கூட உணரவில்லை. கொம்பு முற்றி உதிர வேண்டிய பருவம் கடந்தும் அது உதிராமல் இருந்தது. கொம்பின் கிளைகளுக்கு நடுவே, தாலியில் பொறித்த சிலுவை வெளிப்பக்கம் திரும்பியபடி சங்கிலி கிடந்தது. தைரியராஜ் கை நீட்டினார். விரல்கள் சங்கிலிக்குள் நுழைந்தன. மான் முந்திரிப்பழத்தைத் தின்றுகொண்டே இருந்தது. மஞ்சக்குப்பத்தில் இந்நேரம் ரீட்டா, ஒன்றும் கேட்காமல், மேற்கே தலையைத் திருப்பி உட்கார்ந்திருப்பாள் என்று அவருக்குத் தோன்றியது. பழம் தின்னும் மானின் காது அவருடைய வாய்க்கு ஒரு முழம் தள்ளி இருந்தது.

"ரீட்டா," என்றார்.

மான் ஓடவில்லை. ஒரு காதை மட்டும் அவர் பக்கம் திருப்பியது. அவர் விரல்களை வெளியே எடுத்துக்கொண்டு, வேறு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, சாப்பிட்டாயா என்றும், வெயிலில் வடகத்தைக் காயப்போட்டது நினைவிருக்கிறதா என்றும் கேட்டார். பிறகு இன்னும் சில பேசினார். அவை கணவன் மனைவிக்கு உரியவை என்பதால் இங்கே எழுதுவது முறையாகாது. மாலை வீடு திரும்பியபோது வடகம் உள்ளே எடுத்துவைக்கப்பட்டிருந்தது.

கொளஞ்சியின் குடும்பத்தார் இப்போது நாய்களைக் கட்டிப்போடுகிறார்கள். தைரியராஜ் ஞாயிறுதோறும் தோப்புக்குப் போய் வருகிறார். தெருப் பெண்கள் கொட்டை விலை கேட்க அன்று மட்டும் வருவதில்லை. அன்று ரீட்டாவுக்கு வேலை இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

இதில் இழப்பானவை: சிலுவை பொறித்த தாலி ஒன்று, சங்கிலியுடன். பச்சை உடுப்பு ஒன்று, நீலம் ஏறியதால் எவருக்கும் கொடுக்க முடியாமல் போனது. கான்வாஸ் ஷூ ஒரு ஜோடி. பைனாகுலரின் மூடி, வீட்டில் வைத்த இடம் தெரியாமல் போனது. இவ்வாண்டின் வேளாங்கண்ணி நடைப்பயணம், ரீட்டாவால் மானின் காதை விட்டு அவ்வளவு தூரம் தெற்கே நடக்க இயலாததால்.