ஃபூரி கத்தவில்லை

வெள்ளிக்கிழமை காலை ஆறு பத்துக்கு ஃபூரி பட்டி வேலியைத் தாண்டியது.

தாண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. எட்டு வயது எருது. அறுநூறு கிலோ. கொம்பில் சுருக்கு விழுந்ததும் அசையாமல் நின்றது. பிறகு மூன்றே எட்டு. முள்வேலியை மார்பால் இடித்துக்கொண்டு அந்தப் பக்கம் விழுந்து, எழுந்து, சரிவில் இறங்கியது. கயிற்றை விடாமல் பிடித்திருந்த லுவாண்டோ வேலிவரை இழுபட்டுப்போய் முள்ளில் சிக்கினான்.

"முதல்ல என்னைப் பிடுங்குங்கப்பா," என்றான். "மாட்டை அப்புறம் பிடிக்கலாம்."

லுவாண்டோ, ஸோலிலேயின் சித்தப்பா மகன். ஸோலிலே அவனைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தான். கையில் தீட்டிய கத்தி இருந்தது. ஓடியபடியே அதை இடுப்பு உறையில் செருகினான்.

மறுநாள் ஸோலிலேயின் அப்பாவின் அடக்கம். போகிறவருக்குத் துணையாக எருதை முந்தின நாளே அறுக்க வேண்டும். அன்று மாலை நான்கு மணிக்கு உடல் வந்துவிடும்.

ஃபூரி சோளத்தட்டைக் காட்டை மிதித்துக்கொண்டு போனது. பின்னால் ஸோலிலே, அவனுக்குப் பின்னால் பன்னிரண்டு ஆண்கள், மூன்று நாய்கள், சேணமில்லாத குதிரையில் ஒருவர். சாவுக்கு வந்தவர்கள் சாவுக்கான கோட்டோடு ஓடினார்கள். மகாலிமா சித்தப்பா தொப்பியைக் கையில் பிடித்தபடி ஓடினார். பெரிய பானைகளருகே நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவர்கள் தோள்கள் குலுங்கின.

"ஃபூரிக்கு பென்ஷன் வேணுமாம்," என்று குதிரைக்காரர் சொன்னார்.

ஃபூரி என்பது அப்பா சுரங்கத்தில் இருந்தபோது அவருடைய வெள்ளைக்கார மேஸ்திரியின் பெயர். பதினேழு வருஷம் அந்த ஆள் அப்பாவை விரட்டினான். ஊர் திரும்பிய அப்பா ஒரு கன்றுக்கு அந்தப் பெயரை வைத்தார். அது வளர்ந்ததும் ஏரில் பூட்டி ஆறு வருஷம் பதிலுக்கு விரட்டினார். "ஃபூரி, சோம்பேறி நாயே" என்று அவர் கத்துவது ஆற்றுக்கு அந்தப் பக்கம்கூடக் கேட்கும்.

எருது ஆற்றில் இறங்கி மார்பளவு நீரில் நின்றது. கயிறு நீரோட்டத்தில் நீண்டு மிதந்தது. ஸோலிலே புதுக் கால்சட்டையோடு உள்ளே பாய்ந்தான். குளிர் நெஞ்சைப் பிடித்தது. கயிறு கைக்கு வந்தது. கரையில் இருந்தவர்கள் கத்தினார்கள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். அப்பா இறந்த செய்தி வந்து கழிந்த ஒன்பது நாளில் அதுதான் முதல் சிரிப்பு. அது தெரிந்ததும் நிறுத்தப் பார்த்தான். முடியவில்லை.

அவன் போர்ட் எலிசபெத் நகரில் ஒரு மாட்டிறைச்சிக் கூடத்தில் பதினொரு வருஷமாக வேலை செய்கிறான். கடைசி ஆறு வருஷமாக ஊருக்கு வரவில்லை. பட்டி வேலி சரிந்துவிட்டது, மூத்த மகன்தான் கட்ட வேண்டும், வா என்று அப்பா இரண்டு முறை சொல்லி அனுப்பினார். அவன் டிசம்பரில் வருகிறேன் என்றான். பிறகு கம்பிக்குப் பணம் அனுப்பினான். அப்பா கம்பி வாங்கவில்லை. எழுபத்திரண்டு வயதில் தானே முள் வெட்டிக் கட்டினார். ஃபூரி தாண்டியது அந்த வேலியைத்தான். ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்ததும் அவன் கிளம்பினான். ஒரு நாள் தாமதமாகிவிட்டது.

நேற்று அம்மாவின் அறையில் உட்கார்ந்திருந்தான். சாமான்களை எடுத்துவிட்டுத் தரையில் மெத்தை போட்டிருந்தார்கள். அம்மா போர்வை போர்த்திச் சுவரைப் பார்த்து அமர்ந்திருந்தாள். அடக்கம் முடியும்வரை அவள் வெளியே வரக் கூடாது.

"உன் அப்பா உங்கிட்டப் பேசாமப் போயிட்டார்," என்றாள். "நாளைக்கு ஃபூரி கத்தும். அப்பக் கேட்டுக்கோ."

ஒன்பது மணிக்கு எருதைப் பட்டிக்குள் சாய்த்தார்கள். நான்கு கால்களையும் கட்டி, வாலைத் தொடைக்கு நடுவே கொடுத்து இழுத்துப் பிடித்தார்கள். எல்லாருக்கும் மூச்சு வாங்கியது. யாரோ ஒருவர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். மகாலிமா தொப்பியைக் கழற்றியதும் அதுவும் நின்றது.

அவர் குலப்பெயர் சொல்லி இறந்த அண்ணனை அழைத்தார். "ஜோலா, உன் மூத்த மகன் வந்திருக்கான். உனக்குத் துணை அனுப்பறான். ஏத்துக்கோ." கூரைப் புல்லில் செருகியிருந்த அப்பாவின் ஈட்டியை எடுத்து வந்திருந்தார்கள். அதை ஸோலிலேயிடம் கொடுத்தார்.

முதலில் ஈட்டி முனையால் விலாவில் ஒரு குத்து. ஆழம் வேண்டாம். எருது கத்தும். இறந்தவர் கேட்டுக்கொண்டார், ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். அப்படியே ஆகட்டும் என்று வேண்டி ஆண்கள் "சமாகு" என்பார்கள், வெளியே பெண்கள் குலவையிடுவார்கள். அதற்குப் பிறகுதான் பிடரியில் குத்திக் கொல்ல வேண்டும். ஸோலிலேவுக்கு இது சிறு வயதிலிருந்தே தெரியும்.

ஈட்டியை உயர்த்தினான். ஆற்றுத் தண்ணீர் கால்சட்டையிலிருந்து இன்னும் சொட்டியது.

ஃபூரி உதைத்தது. பின்னங்கால் கட்டு அவிழ்ந்தது. ஒருவர் மல்லாந்து விழுந்தார். "பிடி, பிடி," என்று நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். எருதின் தலை மேலெழுந்து தொண்டை விரிந்தது. இறைச்சிக் கூடத்தில் மாடுகள் ஒற்றைக் காலில் தொங்கியபடி ஐம்பது விநாடிக்கு ஒன்றாக அவன் முன் வரும். தொண்டை விரிந்து வரும். கை யோசிப்பதில்லை.

ஈட்டி சாணத்தில் கிடந்தது. கத்தி அவன் கையில் இருந்தது. சூடான ரத்தம் முழங்கைவரை வந்திருந்தது.

ஃபூரி வாயைத் திறந்தது. கத்தப் பார்த்தது. குரல்வளை இரண்டாகியிருந்தது. காற்று மட்டும் வந்தது. மூன்று முறை, நான்கு முறை. பிறகு அதுவும் இல்லை.

வேலிக்கு வெளியே பெண்கள் குலவையிடக் காத்து நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் தங்கை புமேசா. அவள் கை வாயருகே இருந்தது. மெல்லக் கீழே இறங்கியது.

மகாலிமா ஈட்டியை எடுத்துச் சாணத்தைத் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார்.

"அண்ணன் பேச வந்தார்," என்றார். "நீ வாயை அடைச்சிட்ட."

இன்னொன்றை அறுக்கலாமா என்று குதிரைக்காரர் கேட்டார். இருப்பவை பசுக்கள்தான், பாதி சினை. அதெல்லாம் கூடாது, ஒருவருக்கு ஒரு துணைதான் என்றார் ஒரு முதியவர். ஈட்டியே படவில்லை, இது கணக்கிலேயே வராது என்றார் இன்னொருவர். பேச்சு சூடாயிற்று. மகாலிமா வெயிலைப் பார்த்தார். நான்கு மணிக்குள் வேலை முடிய வேண்டும், உரியுங்கள் என்றார். பிறகு ஸோலிலேயின் பக்கம் திரும்பினார்.

"உங்கம்மா காதைத் தீட்டிட்டு உக்காந்திருக்கா. அவகிட்ட நீதான் சொல்லணும்."

சொல்கிறேன் என்றான். ஆனால் நகரவில்லை. எருதை மல்லாக்கப் புரட்டி இரு பக்கமும் கல் முட்டுக் கொடுத்தார்கள். கத்திகள் வந்தன. எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். நகரத்துக் கை, இன்று உரித்துக் காட்டும் என்று ஒரு வாரமாகப் பேசியிருந்தார்கள்.

அவன் முன்னங்கால் மூட்டில் கத்தி வைத்தான். எந்தப் பக்கம் இழுப்பது என்று தெரியவில்லை.

லுவாண்டோ கண்டுகொண்டான். "பதினோரு வருஷம் அங்க என்னடா பண்ணின?"

"கழுத்து மட்டும்தான். தோலுக்கு வேற ஆள், வயித்துக்கு வேற ஆள்."

"இதுவரைக்கும் ஒரு மாட்டை முழுசா உரிச்சதில்லையா?"

"இல்ல."

லுவாண்டோ சிரித்தான். வேலியில் சாய்ந்திருந்தவர்களுக்குச் சொன்னான். அவர்களும் சிரித்தார்கள். மகாலிமாகூட முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதோடு பட்டியில் உயிர் வந்தது. தாடையிலிருந்து வால்வரை ஒரே கோடு. கால்களைச் சுற்றி வளையம். ஐந்து பேர் ஐந்து இடத்தில் குனிந்தார்கள். தோலுக்கும் சதைக்கும் நடுவே முஷ்டியை இறக்கி அழுத்தினால் தோல் தானாகக் கழன்று வந்தது. கத்தி தோலைக் கிழிக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஸோலிலே வலது விலாவில் முஷ்டியை இறக்கினான். உள்ளே இன்னும் சூடு. அவன் அறுத்த எந்த மாட்டின் உட்புறத்தையும் இதற்கு முன் தொட்டதில்லை.

விரித்த தோலே மேடையாயிற்று. லுவாண்டோ இரண்டு விரலைக் கத்தி முனைக்கு முன்னால் விட்டு வயிற்றைத் திறந்தான். இரைப்பை சரிந்து வந்தது. "பித்தப்பை, பித்தப்பை," என்று கத்தினார்கள். அது உடையாமல் வெளியே வந்ததும் எல்லாரும் ஒரே சமயத்தில் பெருமூச்சு விட்டார்கள். பெண்கள் தகரத் தொட்டிகளில் குடலை வாங்கிப் போனார்கள். நாய்கள் வட்டமிட்டன. காட்டு ஒலிவக் கிளைகள் மேல் இறைச்சி குவிந்தது. தலை ஆண்களுக்கு. கோடரி சரியாக இறங்கவில்லை என்று லுவாண்டோவைக் கேலி செய்தார்கள். வேலை வேகம் பிடித்தது. ஸோலிலேயின் கைகள் வேகம் பிடித்தன. இடையிடையே அவன் வீட்டுப் பக்கம் பார்த்தான்.

வலது முன்னந்தொடையிலிருந்து வெட்டிய துண்டை உப்பில்லாமல் நெருப்பில் வாட்டினார்கள். குடும்பத்தார் முதலில் சுவைக்க வேண்டியது. மகாலிமா அதைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு ஒரு கீற்று நறுக்கி ஸோலிலேயின் கையில் வைத்தார். அவன் மென்றான்.

இரண்டு முறை புமேசா வேலியருகே வந்தாள். ஃபூரியை முடித்தாயிற்றா என்று அம்மா கேட்கிறாள், நான் என்ன சொல்வது என்றாள். நான் வருகிறேன் என்று அவன் இரண்டு முறையும் சொன்னான்.

நான்கு மணிக்குக் கறுப்பு வண்டி வந்தது. பெட்டியை அவனும் லுவாண்டோவும் இன்னும் நான்கு பேரும் தூக்கினார்கள். அவன் நகங்களில் ரத்தம் காய்ந்திருந்தது. அம்மாவின் மெத்தைக்கு எதிரே பெட்டியை வைத்தார்கள். பாதிரியார் ஜெபித்தார். பாடினார்கள். ஒவ்வொருவராக வெளியேறினார்கள்.

அவன் மட்டும் இருந்தான். ஜன்னலில் வெயில் மஞ்சளாகியிருந்தது. அம்மா போர்வைக்குள்ளிருந்து பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா," என்றான். "காலைல பட்டியில..."

வெளியே மாடுகள் மேட்டிலிருந்து இறங்கிவரும் குளம்போசை கேட்டது. ஒன்பது பசுக்கள். பட்டி வாசலில் ஓசை நின்றது. இரைப்பைச் சாணத்தைக் கொட்டி ரத்தத்தை மூடியிருந்தார்கள். முன்னால் வந்த பசு அங்கே மூக்கை வைத்து முகர்ந்தது. குளம்பால் கீறியது. தலையைத் தூக்கிக் கத்தியது. நீளமாக, அடிவயிற்றிலிருந்து. அடுத்தது கத்தியது. பிறகு எல்லாம் சேர்ந்து கத்தின. நாய்கள் அடங்கின. பாத்திரச் சத்தம் நின்றது. அந்தக் கதறல் சரிவில் இறங்கி ஆற்றுக்குப் போய்த் திரும்பி வந்தது.

ஸோலிலே மறுபடி வாயெடுத்தான். அம்மா கையை உயர்த்தி அவனை நிறுத்தினாள். போர்வையைக் காதிலிருந்து விலக்கினாள். கடைசிப் பசுவும் ஓயும்வரை கேட்டாள்.

"உன் அப்பா என்ன சொல்றார், ஸோலி?"