நெமிலிச்சேரிச் சுவரும் குமணன்சாவடி டயாலிசிஸும்

நெமிலிச்சேரி ரயில் நிலையத்துக்குப் பின்னால் மூன்றாவது தெருவில், அருள்செல்வி வீட்டுக் கூடத்துச் சுவரில், உலகத்தின் எந்த மூலையில் எந்த பேக்போர்ட் பேக்கேஜில் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டாலும் அன்றைக்கே ஒரு ஓட்டை விழும். சின்னக் குறை என்றால் பட்டாணி அளவு. கொஞ்சம் மோசம் என்றால் தேங்காய் அளவு. படுமோசம் என்றால் எருமை மாடு கொம்போடு நுழைந்து, கூடத்தை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, அதே வழியாகத் திரும்பிப் போகும். இரண்டு தடவை போயிருக்கிறது. இரண்டாவது தடவை வந்த மாடு பிரேசில் மாடு என்று கால்நடை டாக்டரே சொன்னார்.

பேக்போர்ட் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. லினக்ஸ் என்ற இலவச கம்ப்யூட்டர் சிஸ்டத்தில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கும் நிலையான பதிப்பு ஒன்று உண்டு. ஆஸ்பத்திரி மாதிரி இடங்கள் அதைத்தான் வைத்துக்கொள்ளும். அதில் ஒரே ஒரு புரோகிராம் மட்டும் புதுசாக வேண்டுமென்றால், யாராவது ஒரு புண்ணியவான் புதுசை எடுத்து, பழசுக்குப் பொருந்துகிற மாதிரி வெட்டித் தைத்துக் கொடுப்பார். அந்தப் பொட்டலம்தான் பேக்போர்ட் பேக்கேஜ். சம்பளம் கிடையாது. நிலையான பதிப்பில் ஓட்டை விழுந்தால் அடைக்கத் தனிக் குழு இருக்கிறது. பேக்போர்ட்டில் விழுந்தால் கொண்டுவந்தவரேதான் அடைக்க வேண்டும். அவருக்கு ஞாபகப்படுத்தி, விரட்டி, கெஞ்சி, திருத்தத்தை ஏற்றவைத்து, ஊருக்கெல்லாம் அறிவிப்பு அனுப்புவது அருள்செல்வியின் வேலை. பூந்தமல்லியில் ஒரு லேபில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் உத்தியோகம் போக, பதினோரு வருஷமாக இதைச் செய்கிறாள். திருத்தம் ஏறியதும் புதுச் சுண்ணாம்பு வாசனையோடு சுவர் தானாக மூடிக்கொள்ளும். அதுவரைக்கும் ஓட்டையின் மறுபக்கத்தில், அந்தப் பேக்கேஜைக் கொண்டுவந்தவரின் வீடு தெரியும். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் அவள் புருஷன் ரிச்சர்ட், காலையில் பல் விளக்கிக்கொண்டே யார் யார் வீட்டில் என்ன டிபன் என்று பார்த்துச் சொல்வான்.

ஆவணி மாதம் ஒரு திங்கட்கிழமை தேங்காய் அளவில் ஒன்று விழுந்தது. எந்தப் பதிப்பில் எந்தக் குறை இருக்கிறது என்று காட்டும் பட்டியலை அருள்செல்வி திறந்தாள். நிலையான பதிப்பில் அந்தக் குறையே கிடையாது, பச்சை. புதுப் பதிப்பில் அடைத்தாகிவிட்டது, பச்சை. இரண்டு பக்கமும் பச்சையாக இருந்தால் நடுவில் பேக்போர்ட் ஒன்று தொங்குவது இந்தக் கம்ப்யூட்டர் ஜனங்களுக்குக் கண்ணில் படாது. சுவரா பட்டியலா என்று வந்தால் பட்டியலைத்தான் நம்புவார்கள். சுவர்தான் தப்பு செய்துவிட்டது என்று முடிவுகட்டி, மேலே ஒரு போர்வையைத் தொங்கவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். மறுநாளைக்கு மறுநாள் அது பூசணிக்காய் ஆனது. அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் போர்வையே உள்ளே போய்விட்டது.

அதே காலையில் குமணன்சாவடி தர்ம ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. டயாலிசிஸ் நோயாளிகளின் முறையையும் அளவையும் வைத்திருக்கும் கம்ப்யூட்டரை யாரோ வெளியிலிருந்து தட்டிப் பார்க்கிறார்கள். ஓட்டை அடைபடாவிட்டால் நாளை சாயங்காலம் அணைத்துவிடுவோம். வியாழக்கிழமை யாருக்கும் டயாலிசிஸ் கிடையாது. ஓட்டை விழுந்த அந்த பேக்போர்ட்டை அங்கே போட்டுக் கொடுத்தவளே அருள்செல்விதான். வியாழக்கிழமைக்காரர்களில் ஒருத்தி பக்கத்து வீட்டுப் பொன்னியம்மா. கால் இப்போதே தூண் மாதிரி வீங்கியிருந்தது.

கொண்டுவந்தவன் பரத், வானகரத்துப் பையன். மெயில் திரும்பி வந்தது. நம்பர் உபயோகத்தில் இல்லை. வேறு இரண்டு பேரை அடைத்துத் தரச் சொல்லிக் கேட்டாள். அவன் எப்படித் தைத்தான் என்று புரியவே ஒரு வாரம் ஆகும் என்றார்கள். ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தால் வீடு தெரியவில்லை, பச்சை பெயின்ட் அடித்த இரும்புத் தகடுதான் தெரிந்தது.

பொன்னியம்மாவின் புருஷன் துலுக்கானம் கொத்தனார். கரணையோடு வந்து நின்றார்.

“இன்னாம்மா இது, லாரியே பூந்துடும் போல கீது! ரெண்டு சட்டி கலவை போட்டு அப்பிடட்டுமா?”

“சிமென்ட் நிக்காதுண்ணா. பரத்தைக் கண்டுபிடிக்கணும். வியாழக்கிழமை அக்காவுக்கு மெஷின் இல்லாம போயிடும். தப்பு என்னோடது.”

துலுக்கானம் ஓட்டைக்குள் கையை விட்டார். கரணையின் பிடியால் அந்தத் தகட்டில் ஓங்கித் தட்டினார். சத்தம் ஆவடி வரைக்கும் கேட்டு, இரண்டு மின்சார ரயில்கள் நின்று புறப்பட்டன. உள்ளேயிருந்து ஒரு பெண்குரல் அலறியது.

“ஐயோ! ஏங்க! பீரோக்குள்ள எவனோ கீறான்!”

“பீரோக்குள்ள இல்லம்மா, பீரோக்குப் பின்னால. உன் ஊட்டுக்காரரைக் கூப்புடு!”

அது பரத்தின் மனைவி ஜோதிகா. பீரோவை நகர்த்தியதும் லுங்கியோடு பரத் தெரிந்தான். வேலை மாறி, வீடு மாறி, குழந்தை பிறந்து, பழைய மெயில் செத்துப் போயிருந்தது. போன வாரம் சுவரில் ஓட்டை விழுந்தபோது ஹவுஸ் ஓனர் திட்டுவாரே என்று பீரோவை இழுத்து மறைத்திருக்கிறான்.

“நைனா, மறைச்சா அடைபடுமா?” என்றார் துலுக்கானம். “என் பொஞ்சாதி உசுரு உன் பீரோ பின்னால கீது.”

“போர்வை போட்டு மறைச்சவ நான்” என்றாள் அருள்செல்வி. “முதல்ல என்னைத் திட்டுங்க.”

பரத் முகம் கழுவிக்கொண்டு உட்கார்ந்தான். ஓட்டைக்கு இந்தப் பக்கம் அருள்செல்வி, அந்தப் பக்கம் அவன். அவன் தைத்தான், இவள் சோதித்தாள். இரண்டு தடவை பிரிந்தது, மூன்றாவது தடவை பொருந்தியது. நடுவே குழந்தை அழுதால் ஜோதிகா அதை ஓட்டை வழியாக நீட்டுவாள், இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்திருந்த பொன்னியம்மா வாங்கி ஆட்டுவாள். புதன்கிழமை மதியம் திருத்தம் ஏறியது. அறிவிப்பும் போனது. சுண்ணாம்பு வாசனை வந்ததும் குழந்தையை அவசரமாகத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர் அணையவில்லை. வியாழக்கிழமை பொன்னியம்மாவுக்கு இரண்டே முக்கால் கிலோ தண்ணீர் இறங்கி, தன் காலைத் தானே அடையாளம் கண்டுகொண்டாள்.

மறுவாரமே பட்டியலில் பேக்போர்ட்டுக்கென்று மூன்றாவது கட்டம் முளைத்தது. அதைப் போட்டது அருள்செல்வி. சுவரை நம்பாததற்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கோட் பெயின்ட்டும் அடித்தாள்.

பொன்னியம்மாவுக்குத்தான் நன்றி சொல்லாமல் மனசு ஆறவில்லை. அந்தக் குறையை முதலில் கண்டுபிடித்துச் சொன்னது யார் என்று கேட்டாள். பின்லாந்தில் ஒரு ஆள், அவரும் சும்மாதான் செய்தார் என்றாள் அருள்செல்வி. அந்த ஆள் கொண்டுவந்த வேறொரு பேக்கேஜில் கார்த்திகையில் ஓட்டை விழுந்தபோது, மெயில் போவதற்குள் பொன்னியம்மா ஒரு தூக்குச்சட்டி நிறையக் கொண்டைக்கடலைச் சுண்டலை உள்ளே தள்ளிவிட்டாள். சாயங்காலம் தூக்குச்சட்டி கழுவித் துடைத்துத் திரும்பி வந்தது. உள்ளே முழங்கால் வரைக்கும் வரும் கம்பளிக் காலுறை ஒரு ஜோடி.

மெஷினில் இரத்தம் ஓடும்போது பொன்னியம்மாவுக்கு நான்கு மணி நேரமும் குளிரும். இப்போது குளிர்வதில்லை. இவ்வளவு நல்லதை எங்கே வாங்கினீர்கள் என்று நர்ஸ் ராதிகா கேட்டாள்.

“செல்வி ஊட்டுச் சுவத்துல வந்துச்சும்மா.”

“அப்படியா? எனக்கும் ஒண்ணு சொல்லி வைங்க. சரி, கையை நீட்டுங்க” என்று ராதிகா ஊசியை எடுத்தாள்.