சித்திரையில் ஏது தண்ணீர்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது இரண்டு வெள்ளைப் பக்கங்களிலிருந்து. கும்பகோணத்தில் நான் நடத்திவந்த மாத இதழின் 1998 கார்த்திகை இதழைப் புரட்டியவர்களுக்கு நினைவிருக்கலாம். ‘நூல் மதிப்புரை’ என்ற தலைப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லாமல் இரண்டு பக்கம் வந்திருந்தது. அச்சுப்பிழை என்று பதினோரு பேர் கடிதம் போட்டார்கள். இதழிலேயே அதுதான் உருப்படியான பக்கம் என்று ஒருவர் எழுதினார். கிண்டலுக்கு நம் ஊரில் என்றைக்குப் பஞ்சம்? பழியை அச்சகத்தின் மேல் போட்டுவிட்டு நான் வாயை மூடிக்கொண்டேன்.

அந்தப் பக்கங்களுக்கு எழுத வேண்டியவள் அம்சவல்லி. அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதல் வரி வருவேனா என்கிறது.

காவிரி வற்றிக் கிடந்த ஒரு காலையில் அம்சவல்லி –

(விட்டுவிட்டேன். காவிரியில் தொடங்குகிற கதையை அவள் மூன்றாம் வரியில் மூடி வைத்துவிடுவாள்.)

சில புத்தகங்கள் மனிதர்களைத் திறந்து –

(இது கல்லூரி ஆண்டுவிழாப் பேச்சு. வேண்டாம்.)

சரி, நேராகவே சொல்லித் தொலைக்கிறேன்.

2

அம்சவல்லிக்கு இருபத்தாறு வயது. வலங்கைமான் தாலுகா ஆபீசில் இளநிலை உதவியாளர். தபால் வழியில் ஆங்கில எம்.ஏ. படித்தவள். புதிதாக வருகிற ஆங்கில நாவல், கட்டுரை நூல், மொழிபெயர்ப்பு எது என்றாலும் நான் அவளுக்குத்தான் அனுப்புவேன். அந்த வருஷங்களில் இங்கிலீஷில் எழுதும் நம்மவர்களுக்குத் திடீரென்று மவுசு கூடியிருந்தது. டெல்டாவைப் பற்றியும் பலர் எழுதினார்கள். அவர்களில் பாதிப் பேர் பூதலூரில் ரயில் நின்றபோது ஜன்னல் வழியாக வயலைப் பார்த்தவர்கள்.

அவளுக்கென்று ஒரு வேலைமுறை இருந்தது. நாவலில் ஒரு வயல் வந்தால், அந்த வருஷத்து அடங்கலை எடுத்துப் பார்ப்பாள். எந்த நிலத்தில் எந்த மாதம் என்ன பயிர் நின்றது என்று கர்ணம் எழுதிவைத்த பதிவேடுதான் அடங்கல். கறையான் விட்டுவைத்த பழைய கட்டுகள் அவள் ஆபீஸ் பரணில் கிடந்தன. கதையை அடங்கலோடு ஒத்துப்பார்த்து மதிப்புரை எழுதிய ஒரே ஆள் தமிழ்நாட்டில் அவளாகத்தான் இருப்பாள். ஒவ்வொரு மதிப்புரையின் அடியிலும் ‘பிழைத்திருத்தம்’ என்று ஒரு சின்னப் பட்டியல் இருக்கும். பக்கம் இத்தனை, இன்னது என்பதை இன்னது என்று படிக்கவும். எழுத்தாளர்கள் மதிப்புரையைக்கூடப் பொறுத்துக்கொண்டார்கள். பட்டியலைப் பொறுக்கவில்லை.

பட்டியலில் பாதி அவள் அம்மா ராமாயி கண்டுபிடித்தது. தபாலில் போடும் முன் அம்சவல்லி மதிப்புரையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவாள். ராமாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டே கேட்பாள். நடவுப் பெண்கள் வரிசையாக முன்னேறிப் போனார்கள் என்று டில்லி நிபுணர் ஒருவர் நீர்ப் பங்கீட்டுக் கட்டுரை நூலில் எழுதியிருந்தார்.

“முன்னால நடந்தா நட்ட நாத்த மிதிச்சிப்புட மாட்டாளுவளா? பின்னால பின்னாலல்ல போவணும். இவரு எந்த ஊர்ல நட்டாராம்?” என்றாள் ராமாயி. அதை அப்படியே போட்டோம். நிபுணர் இரண்டு பக்கத்துக்கு மறுப்பு எழுதினார்.

(இங்கே ஒரு குறிப்பு. ராமாயியை நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. அவள் சிரிப்பை நான் எழுதினால் நம்பாதீர்கள். இடது சுண்டுவிரலில் நுனி இல்லை என்பதை நம்பலாம். சின்ன வயதில் கருக்கரிவாள் வாங்கியது.)

3

அம்சவல்லி வீட்டுச் சுவரில் ஒரு படம் உண்டு. ராமாயியின் அண்ணன் மருதையன். விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் இருந்தவன். 1968இல், புது ஆட்சி வந்த பதினோராவது மாதம், அறுப்புக் கூலியில் அரைப்படி கூடக் கேட்டு ஊரில் தகராறு. மிராசுதாரர்கள் வெளியூர் ஆளை இறக்கினார்கள். மருதையன் மூன்று நாள் சுடுகாட்டுத் திடலில் ஒளிந்திருந்தான். நான்காம் நாள் அடியாட்கள் நேராக அங்கேயே போய் அவனை வெட்டிப் போட்டார்கள். தை பன்னிரண்டு. சாட்சி சொல்ல ஆளில்லாமல் வழக்கு படுத்துவிட்டது. தெருமுனையில் அவன் பெயரில் கொடிக்கம்பம் இருக்கிறது. வருஷா வருஷம் தை பன்னிரண்டில் கொடி ஏற்றுவது ராமாயிதான். திடலைக் காட்டிக்கொடுத்தவன் யார் என்று ஊர் முப்பது வருஷமாகப் பேசியது. பலர் மேல் சந்தேகம் விழுந்தது. வைரக்கண்ணு என்று ஒரு பாவி மனுஷன் அந்தச் சந்தேகத்திலேயே ஊரைவிட்டுப் பூம்புகார்ப் பக்கம் போய், அங்கேயே செத்தும் போனான்.

இப்போது புத்தகம் வருகிறது.

நானூறு பக்க இங்கிலீஷ் நாவல். அட்டையில் ஆசிரியர் பெயர் ‘நாதம்’. ஊருக்கு அவர் பண்ணைவீட்டுப் பஞ்சநதம், அந்தக் கால மிராசுதாரின் பேரன், லண்டன்வாசி. “எங்கள் மண்ணின் மனிதர்கள் இதைப் படிக்க வேண்டும்” என்று எனக்குக் கடிதமும் வைத்திருந்தார். சென்னைப் பத்திரிகைகள் ஆளுக்கொரு பக்கம் ஒதுக்கிக் கொண்டாடியிருந்தன. நான் யோசிக்காமல் அம்சவல்லிக்கு அனுப்பினேன். ஊர்ப் பெயரை மாற்றியிருந்தால் எனக்கு எப்படித் தெரியும்? (தெரிந்திருந்தால் அனுப்பாமல் இருந்திருப்பேனா? இந்தக் கேள்வியை நான் எழுதாமல் விட்டிருக்கலாம்.)

அம்சவல்லி ஒரே மூச்சில் படித்தாள். நன்றாக இருந்தது, அதுதான் கொடுமை. மனுஷன் எழுதத் தெரிந்தவர். நெல் வாசனை, பண்ணைவீட்டு உள்கட்டு, பயம், எல்லாம் சரியாக விழுந்திருந்தன. இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தில் ஒரு பெண் வருகிறாள். பெயர் ரேமி. பதினைந்து வயது. இடது சுண்டுவிரலில் நுனி இல்லை. சித்திரை மாதத்து விடியற்காலையில், வாய்க்காலில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நடந்து, பண்ணைவீட்டுக் கொல்லைக் கதவைத் தட்டி, அண்ணன் ஒளிந்திருக்கும் இடத்தைச் சொல்லுகிறாள். ஐந்து பக்கம் தள்ளிக் காரணம் வருகிறது: ஒரு மரக்கால் நெல்லுக்காக. ‘பசி யாரைத்தான் விட்டது’ என்று ஆசிரியர் அங்கே கண்ணீர் விடுகிறார்.

நன்றியுரையில் ஒரு வரி: ‘அடுக்களையில் இதைப் பேசிக்கொண்ட எங்கள் வீட்டுப் பெண்களுக்கு.’

அம்சவல்லி திரும்ப இருநூற்றுப் பதினான்காம் பக்கத்துக்குப் போனாள். அந்த விரல் தலைவாரிவிட்ட விரல், சோறு பிசைந்து ஊட்டிய விரல்.

4

மறுநாள் ஆபீசில் பரணேறிப் பசலி 1377, அதாவது 1967-68ஆம் வருஷத்து, அடங்கலைத் தேடினாள். கிடைத்தது. சித்திரைக் கட்டத்தில் வாய்க்காலோரப் புலங்கள் அத்தனைக்கும் நேரே ‘தரிசு’. பின்னே? மேட்டூரை வைகாசிக் கடைசியில் திறந்து, தை நடுவில் மூடுவார்கள். சித்திரையில் வாய்க்கால் வெடித்துக் கிடக்கும். பையன்கள் அதில் பந்து விளையாடுவார்கள்.

மாட்டினான்டா என்று அவளுக்குள் ஒரு சந்தோஷம் எழுந்தது. நாவலாசிரியர் வெயிலின் அழகுக்காகத் தையைச் சித்திரைக்குத் தள்ளியிருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். ஆனால் அன்றைக்கு அவளுக்கு உண்மை வேண்டியிருக்கவில்லை, ஒரு பிழை வேண்டியிருந்தது.

எழுதினாள். ‘தண்ணீரே இல்லாத மாதத்தில் தண்ணீரில் நடந்த பெண்ணை எப்படி நம்புவது? அவள் நடக்கவே இல்லை. கொல்லைக் கதவை யாரும் தட்டவில்லை. மாதம் தெரியாதவருக்கு மனிதர்களைத் தெரியும் என்று எப்படி ஒப்புக்கொள்வது?’

நான் பிரசுரித்த மதிப்புரைகளிலேயே கூர்மையானதாக அது இருந்திருக்கும்.

5

இந்தப் பகுதியில் நான் இல்லை. அம்சவல்லி பின்னால் சொன்ன ஏழெட்டு வாக்கியங்களை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். என் முதல் வரைவில் ராமாயி அழுதாள். அடித்துவிட்டேன்.

வழக்கம்போல முறம். அம்சவல்லி பெயர்களை விழுங்கிவிட்டு வாசித்தாள்.

“எந்த மாசம்னு எழுதியிருக்கான்?”

“சித்திரை.”

“சித்திரையில ஏதுடி தண்ணி? வாய்க்கால்ல ஆடு மேயும்.”

“அதைத்தாம்மா எழுதியிருக்கேன். தண்ணியே இல்லாதப்ப அந்தப் பொண்ணு எப்படி எறங்கிப் போயிருக்கும்? அதனால அந்தச் சங்கதியே பொய்யின்னு.”

முறம் நின்றது.

“எந்தப் பொண்ணு?”

“கதையில வர்ற பொண்ணும்மா.”

“பண்ணவூட்டுப் புள்ள எழுதுனதா?”

அம்சவல்லி தலையாட்டினாள். ராமாயி அரிசியைக் கையால் ஒருதரம் பரப்பிவிட்டாள். பிறகு கூட்டினாள்.

“அது தை. ஒம் மாமன் செத்தது தையிலன்னு ஒனக்குத் தெரியாதா? தெரிஞ்சுகிட்டே எழுதுறியேடி, அடுக்குமா? தையில வாய்க்கால்ல தண்ணி இல்லாமப் போவுமா?” என்றாள். அரிசியில் ஒரு கல்லைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, “இடுப்பு மட்டும் இருந்துச்சு. அப்படி ஒரு குளிரு” என்றாள்.

அம்சவல்லி தாளை மடித்தாள்.

“எதுக்குப் போனாளாம்? அத எழுதியிருக்கானா?”

பொய் சொல்லியிருக்கலாம். பிழைத்திருத்தம் போட்டுப் போட்டுப் பொய் சொல்லும் வழக்கம் அவளுக்கு விட்டுப்போயிருந்தது. “ஒரு மரக்கா நெல்லுக்கு” என்றாள்.

“நெல்லுக்கா?”

ராமாயி அந்தச் சொல்லை இரண்டு மூன்று தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தாள்.

“அதுக்கு முந்தின நாளு பண்ணவூட்டு அம்மா என்னையக் கூப்புட்டுச் சொன்னாங்க. ‘வெளியில திரிஞ்சான்னா ஒங்க அண்ணன வெட்டிப்புடுவாங்க. எடத்தச் சொல்லு, போலீசுல சொல்லிப் புடிச்சிட்டுப் போயிரச் சொல்றேன், ஜெயில்ல கெடந்தாலும் உசுரு மிஞ்சும்’னாங்க. ராத்திரி பூரா யோசிச்சேன். சரின்னு பட்டுச்சு. விடியப் போயி கையெடுத்துக் கும்புட்டுச் சொன்னேன். போலீசு வரல.”

“அப்ப அந்த நெல்லு?”

“கொல்லைக்கு யாரு என்ன வேலையா வந்தாலும் மடியில நெல்லு போடுவாங்க. அது அந்த வூட்டு வழக்கம். வேண்டாம்னு சொல்லிட்டு வர முடியுமா? போட்டாங்க, வாங்கிக்கிட்டேன்.” ராமாயி முறத்தைக் கீழே வைத்தாள். “வூட்ல வேற ஒரு மணி அரிசி இல்ல. அந்த நெல்லக் குத்தித்தான் எங்கண்ணனுக்கு வாய்க்கரிசி போட்டோம்.”

6

இந்த இடத்தில் முடிவு சொல்ல வேண்டும். என்னிடம் சில இருக்கின்றன.

அம்சவல்லி அந்தக் கூர்மையான மதிப்புரையையே அனுப்புகிறாள். நாவல் ஊரில் செல்லாக்காசாகிறது. அம்மா தையில் கொடி ஏற்றுகிறாள். வாசகர்கள் கைதட்டுகிறார்கள். (எனக்கு இது கசக்கிறது. வைரக்கண்ணு செத்தும் துரோகியாகவே கிடப்பான்.)

அல்லது, உள்ளதை உள்ளபடி எழுதுகிறாள். அம்மா நெல்லுக்காகப் போகவில்லை என்று சொல்ல வேண்டுமானால், அம்மா போனாள் என்று முதலில் சொல்ல வேண்டும். கொடிக்கம்பத்தடியில் ஊர் ராமாயியை என்ன செய்யும் என்று நான் எழுதத் தொடங்கி, அரைப் பக்கத்தில் –

7

நடந்தது இவ்வளவுதான். ஐப்பசிக் கடைசியில், மழையில் நனைந்துகொண்டு அம்சவல்லி அச்சகத்துக்கு வந்தாள். மதிப்புரை இல்லை. ஒற்றைத் தாள் மட்டும். நான் கேட்கக் கேட்க, நின்ற வாக்கில் மேலே உள்ளதைச் சொன்னாள். தாளை மேசையில் வைத்தாள்.

“போடட்டுமாம்மா?” என்றேன்.

“வேணாம் சார். அம்மா இருக்கிற வரைக்கும் இது உங்ககிட்டயே கிடக்கட்டும்.”

“அப்புறம்?”

“அப்புறமும் என்னைக் கேளுங்க.”

அந்தத் தையில் ராமாயி கொடி ஏற்றவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்றார்கள். அதற்கடுத்த தையிலும் முடியவில்லை. அம்சவல்லி அதன்பிறகு எனக்கு ஒரு மதிப்புரைகூட எழுதவில்லை.

ராமாயி போன புரட்டாசியில் இறந்தாள். நான் அம்சவல்லியைக் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாள். ஊரும் அந்த வைரக்கண்ணுவும் நெல் என்ற அந்தப் பொய்யும் என்னைத் தூங்கவிடவில்லை, நல்லதுக்குத்தானே சொல்கிறோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ராமாயியும் நல்லதென்று நம்பித்தான் வாய்க்காலில் இறங்கினாள். இப்போது நானும் உங்கள் வீட்டுக் கொல்லைக் கதவைத் தட்டி, இடத்தைச் சொல்லிவிட்டேன். என் மடியில் நீங்கள் எதையும் போட்டுவிடாதீர்கள்.

அந்தத் தாளில் இருந்தது இதுதான். இரண்டாவது வரியில் அவள் விட்டிருந்த இடத்தை நான் நிரப்பவில்லை. பேனா உங்கள் கையில்.

பிழைத்திருத்தம்

பக்கம் 214: ‘சித்திரை’ என்பதைத் ‘தை’ என்று படிக்கவும்.

பக்கம் 219: ‘ஒரு மரக்கால் நெல்லுக்காக’ என்பதை ........................................ என்று படிக்கவும்.