மேல் நிரையா, கீழ் நிரையா

1

கிருஷ்ணகுமார் விடியற்காலையில் எழுந்து மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைக்கிறான். பிளேன்டீ ஊற்றிக் குடிக்கிறான். முதல் நாள் பருப்பைத் தொட்டுப் பாண் சாப்பிடுகிறான். பெல்மதுளைச் சந்தியில் பஸ் ஏறிப் பள்ளிக்கூடம் போய், ஏழாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுக்கிறான். மனைவி இறந்த பிறகும் இதில் எதுவும் மாறவில்லை.

இதை எழுதுகிறவன் அவன்தான். ஆனால் கதை அவனுடையதல்ல, மனைவி விஜயகலாவுடையது. அவளுடைய தாத்தா வேலுசாமியையும் அப்பாயி இருளாயியையும் பற்றியது. அவள் விசாரித்துக்கொண்டு வருவாள், இவன் எழுதுவான் என்று 1999இல் இருவரும் பேசி வைத்தார்கள். அவள் தன் பங்கைச் செய்துவிட்டாள். செய்ததை இவனிடம் ஒப்படைக்கவில்லை.

2

முதல் தொடக்கம்: “வெள்ளைக்காரன் இந்த நாட்டை விட்டுப் போனபோது வேலுசாமி—”

(விட்டாயிற்று. நாட்டை விட்டுப் போனது தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயம் வரைக்கும் தெரிந்ததா என்று இவனுக்குத் தெரியாது.)

இரண்டாவது: “சுதந்திரம் கிடைத்த அன்று இருளாயி மகிழ்ச்சியில்—”

(பொய். மழை இல்லாவிட்டால் அன்றும் றப்பர்ப் பால் வெட்டத்தான் போயிருப்பாள்.)

தெரிந்ததை மட்டும் எழுதலாம். புளத்கொகுபிட்டியவுக்குப் பக்கத்தில் ஒரு றப்பர் தோட்டம். இருவரும் அங்கே பால் வெட்டினார்கள். முதல் குழந்தை பெயர் வைக்கும் முன்பே இறந்துபோனது. கைக்குழந்தைக்கு அந்தத் தோட்டத்தில் அடையாளக் கல் வைப்பதில்லை. ஒரு றப்பர் மரத்தடியில் புதைத்துவிட்டு, மரத்தை ஞாபகம் வைத்துக்கொள்வார்கள். தினமும் மரத்தைத் தொட்டு வெட்டுகிறவர்களுக்கு மரம் மாறிப்போகுமா என்ற நம்பிக்கை.

நாற்பத்தெட்டில், இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷம், வெள்ளைக்காரத் துரை தோட்டத்தை ஒரு முதலாளிக்கு விற்றுவிட்டுக் கப்பல் ஏறினார். முதலாளி பழைய மரங்களை வெட்டிச் சாய்க்கச் சொன்னார். வெட்டும் ஆட்களில் வேலுசாமியும் இருந்தார். கங்காணியின் காலைப் பிடித்து ஒரே ஒரு மரத்தை மட்டும் விடச் செய்தார். சாயங்காலம் இருளாயியைக் கூட்டிப்போய்க் காட்டினார். இது இல்லை என்றாள் அவள். பிள்ளை கிடப்பது இதற்கு மேல் வரிசையில், மேல் நிரையில். மேல் நிரையில் அப்போது அடிக்கட்டைகள்தான் இருந்தன. கீழ் நிரைதான், இதே மரம்தான் என்றார் அவர்.

அதோடு இருவரும் பேசிக்கொள்வதை நிறுத்திவிட்டார்கள். சாகும் வரை.*

* லயத்தில் ஒரே காம்பராவில், ஓர் அறைக்குள்தான் இருந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு மகனும் பிறந்தான். அவர்தான் விஜயகலாவின் அப்பா. இதை எப்படி எழுதுவதென்று இவனுக்கு விளங்கவில்லை. “ஒங்கப்பன திங்க வரச் சொல்லுடா”, “பசிக்கலன்னு சொல்லு ஒங்காத்தாகிட்ட” என்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்த இருவருக்கும் நடுவில் செய்தி சுமந்தே அவர் பேசப் பழகினாராம்.

3

அந்தக் குழந்தைக்கு ஒரு கல் நட வேண்டும் என்பது விஜயகலாவின் ஆசை. வேலுசாமி காப்பாற்றிய மரம் பால் வற்றிப்போய் இன்னும் நிற்கிறது. கல்லை அதன் அடியில் நடுவதா, மேல் நிரையில் நடுவதா? தெரிந்தவர் ஒருவர்தான் உயிரோடு இருந்தார். நாகலிங்கம். வேலுசாமியின் கூட்டாளி. குழி வெட்டியவர் அவர்.

அவள் தனியாகப் போனாள். இவனுக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை. பொழுது சாயும் நேரத்தில் திரும்பி வந்தாள். கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தாள், முகத்தில் தெரிந்தது. வாசலிலேயே விழுந்தாள். சின்ன வயதுக் காய்ச்சலில் இதயம் பழுதுபட்டிருந்த உடம்பு. இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் கண் திறக்கவில்லை.

(இந்தப் பத்தியை நீளமாக எழுதிப் பார்த்தான். நீளமாக எழுதினால் வேறு யாருக்கோ நடந்தது போல இருக்கிறது.)

4

மூன்று மாதம் கழித்து இவன் நாகலிங்கத்தைத் தேடிப் போனான். கிழவர் லயத்துக் கோடியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். யார் என்று சொன்னதும் உட்காரச் சொன்னார். இவன் கேட்டதும் உற்றுப் பார்த்தார்.

“அந்தப் புள்ளகிட்ட ஒண்ணு விடாம சொல்லி அனுப்பிட்டேனே மாஸ்டர். வீட்டுல கேக்குறதுதானே? நீங்களும் பேசிக்கிறதில்லையா?”

சொல்லியே சிரித்தார். அவள் இறந்துவிட்டாள் என்று சொல்ல இவனுக்கு வாய் வரவில்லை. மறந்துபோய்விட்டது, அதனால்தான் வந்தேன் என்றான்.

“கீழ் நிரதான். வேலு சொன்னதுதான் சரி,” என்றார் கிழவர்.

அந்தப் பதிலோடு கதையை முடித்திருக்கலாம். ஆனால் அவளிடமும் இதைத்தான் சொன்னாரா என்ற சந்தேகம் விடவில்லை. மறுபடியும் போனான். கிழவருக்கு இவன் முன்பு வந்துபோனதே ஞாபகமில்லை.

“மேல் நிர. பொம்பளைக்குத் தெரியாதா மாஸ்டர், பெத்தவளுக்கு?”

மூன்றாவது தடவை இவன் போகவில்லை.

5

முடிவுகள்:

(அ) கிருஷ்ணகுமார் நிற்கிற மரத்தடியில் கல்லை நடுகிறான். இருளாயி தோற்கிறாள்.

(ஆ) மேல் நிரையில் நடுகிறான். ஒரு மரத்துக்காகக் காலைப் பிடித்த மனிதர் தோற்கிறார்.

(இ) விஜயகலா வாசலில் விழவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்கிறாள்: “அவங்க ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் எவ்வளவு—”

(இல்லை. அவள் இப்படிப் பேசுகிறவள் இல்லை. இதை எழுதிய அன்று இவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.)

கல் இன்னும் நடப்படவில்லை. எங்கே நடுவதென்று வாசகர்தான் சொல்ல வேண்டும். சொல்வதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. நாகலிங்கம் என்ன சொன்னார் என்று இவன் வாசலிலேயே கேட்டான். அவள் பதில் சொன்னாள். கிழவர் பிறகு இவனிடம் சொன்ன இரண்டில் எதுவும் அந்தப் பதிலோடு ஒட்டவில்லை. விழுவதற்கு முன் அவள் சொன்னது இவ்வளவுதான்:

“சொல்றேங்க, ஆனா நீங்க சிரிக்கக் கூடாது. இருங்க, செருப்பக் கழட்டிக்கிறேன்.”