முள் நின்ற இடம்

டப்பாவின் அடியைக் கரண்டியால் சுரண்டி, கிடைத்த உப்பைத் தோசை மாவில் போட்டுவிட்டு, செங்கம்மாள் அடுக்களையிலிருந்தே குரல் கொடுத்தாள்.

"ஏங்க, உப்பு நெறஞ்சிருக்கு."

"ம். வெயில் வரட்டும், வாங்கியாரேன்" என்றார் சிவஞானம், ரஜாய்ப் போர்வைக்குள்ளிருந்து. இரண்டு நாளாகக் காய்ச்சல்.

தை மாதத்து முதல் வெள்ளி. சாமி மாடத்தில் விளக்கேற்றியாகிவிட்டது. மற்ற நாளிலேயே அரிசி, உப்பு, மஞ்சள் தீர்ந்தால் 'இல்லை' என்று சொல்ல மாட்டாள் செங்கம்மாள். வெள்ளிக்கிழமை விளக்குக்கு முன்னால் எந்தச் சாமானுக்கும் அந்தச் சொல் வரக்கூடாது. கல்யாணமான புதிதில், "ராஷன் கதம்", சாமான் தீர்ந்தது என்று பட்டாளத்துப் பேச்சுப் பேசிக்கொண்டிருந்த மனிதரை, "வீட்டுல அப்படிச் சொல்லாதீங்க, நெறஞ்சிருக்குன்னு சொல்லுங்க" என்று திருத்தி எடுத்தவள் அவள்தான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தில்லிக்கு அவள் கொண்டுவந்த சீரில் அதுவும் ஒன்று.

இசக்கிராஜ் வாசலில் குனிந்து ஷூ கட்டிக்கொண்டிருந்தான். வெளியில் அவன் ராஜ், வீட்டில் இசக்கி. கூரியர் ஆபீசில் வேலை. அப்பாவுக்கு முடியாத நாளில் லீவு போட்டுவிட்டு, ஆஜாத்பூர் மண்டியிலிருந்து வாழையிலையும் தேங்காயும் ஏற்றிவர அவன்தான் அப்பாவின் பிக்கப் வண்டியை எடுப்பான். கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு கேட்டான்.

"அப்பா, டீசல் இருக்கா?"

அந்தப் பிக்கப்பில் அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தீபாவளியிலிருந்து டீசல் முள் எஃப்பை விட்டு நகரவில்லை. டேங்க் நிறைந்திருந்தாலும் எஃப், வறண்டிருந்தாலும் எஃப். கடைசியாக ஓட்டியவரைக் கேட்காமல் யாரும் சாவியைத் தொடக்கூடாது என்று சிவஞானமே சட்டம் போட்டிருந்தார்.

அவர் எழுந்து விபூதியை எடுத்துக்கொண்டிருந்தார். விளக்கைப் பார்த்தார். "நெறஞ்சிருக்குடே. பாத்துப் போ" என்றார்.

"சரிப்பா. அம்மா, எனக்கு நாலு தோச. கோமதி தின்னுறப் போறா, ஒளிச்சு வை."

"போடா தடியா" என்றாள் தங்கை கோமதி, போர்வைக்குள்ளிருந்து.

அவ்வளவுதான். மயூர் விஹாரிலிருந்து யமுனையைத் தாண்ட வேண்டும். பாலத்தின் நடுவில் வண்டி நின்றுவிட்டது. கை நீட்டினால் கை தெரியாத பனிமூட்டம். செல்போன் எல்லாம் சாதாரண ஜனங்களிடம் வராத காலம். அவன் இறங்கிப் பின்பக்கம் போய், வருகிற வண்டிகளுக்குக் கையைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். பின்னால் வந்த லாரிக்காரனுக்கு அந்தக் கை தெரியவில்லை.

காக்கிச் சட்டைக்காரர் சிவஞானத்திடம் ஒரே ஒரு விவரம்தான் அழுத்திச் சொன்னார். "டேங்க் பில்குல் காலி தா, பாய் சாப். ஏக் பூந்த் நஹி." ஒரு சொட்டு இல்லை.

துக்கத்துக்குள் ஒரு முள் தைத்தது அன்றைக்குத்தான். பாலத்துக்கு முன்னால் பெட்ரோல் பம்ப் இருக்கிறது. பையன் அதைத் தாண்டித்தான் போயிருக்கிறான். சட்டைப்பையில் பணமும் இருந்தது.

"நான் சொன்னேனா இல்லையா?" என்று சிவஞானம் செங்கம்மாளைக் கேட்டார். காய்ச்சல் மயக்கத்தில் சொன்னோமா என்று அவருக்கே சந்தேகம்.

"சொன்னீங்க. என் காதால கேட்டேன். நெறஞ்சிருக்குன்னு தெளிவாச் சொன்னீங்க."

"அப்புறம் ஏன் அடிக்காமப் போனான்?"

பதினாறாம் நாள் காரியம் முடிந்தும் அவர் அதையேதான் கேட்டார். கோவில்பட்டியில் இருக்கும் அண்ணனிடம் போனில் அழுதபோதும், "சொல்லியும் கேக்காமப் போயிட்டாண்ணே" என்றுதான் அழுதார். பையன் போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வாங்கிவந்தாள் கோமதி. அதை மாட்ட அவர் விடவில்லை. "சொன்ன பேச்சு கேக்காதவனை நடுவீட்டுல வச்சுப் பாக்க என்னால ஆகாது" என்று பீரோவுக்குப் பின்னால் சாய்த்து வைத்துவிட்டார். செங்கம்மாள் மனசிலும் அதே கேள்விதான் கிடந்தது. இத்தனை கவனமாக வளர்ந்த பிள்ளை. பஸ்சில் நூறு தரம் பாஸைத் தொட்டுப் பார்க்கிற பிள்ளை. அப்பா வாயால் காலி என்று கேட்டுவிட்டு, பம்பைக் கண்ணால் பார்த்துவிட்டு, எப்படிப் போனான்? செத்த பிள்ளைமேல் கோபப்படுவது மாதிரி ஒரு பாவம் உண்டா? கோபம் வந்தது. அழுதாள், திரும்பவும் வந்தது.

பங்குனியில் போலீசார் வண்டியைத் திருப்பிக் கொடுத்தார்கள். பின்கதவு சப்பையாகியிருந்தது. கோல் மார்க்கெட்டில் மெஸ் நடத்தும் கோபாலன் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். பின்கதவை நான் பார்த்துக்கொள்கிறேன், டீசல் முள்ளை மட்டும் சரிசெய்து கொடுத்துவிடுங்கள், அது இல்லாமல் நான் எடுக்க மாட்டேன் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை.

பட்டாளத்தில் வண்டிகளை அக்கக்காகக் கழற்றி மாட்டிய கை சிவஞானத்துக்கு. சொந்த வண்டியின் முள்ளை மட்டும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்திருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல், பிளாட்டுக்குக் கீழே நாவல் மரத்தடியில் அவர் வேலையைத் தொடங்கினார். கோமதியை டிரைவர் சீட்டில் உட்காரவைத்தார். செங்கம்மாள் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றாள். பையனுடைய கேசட் ஒன்று டேஷ்போர்டு மேல் வெயிலில் வளைந்து கிடந்தது.

"சாவியத் திருப்பு."

கோமதி திருப்பினாள். முள் துள்ளி எழுந்து எஃப்பில் போய் நின்றது.

முதலில் மீட்டரைச் சந்தேகப்பட்டார். பலகையைக் கழற்றி, பின்னாலிருந்து வயரை உருவினார். முள் பொத்தென்று கீழே இறங்கியது. "மீட்டர் நல்லாத்தான் இருக்கு" என்றார், யாரிடமோ சொல்வது போல. வயரைத் திரும்பச் செருகிவிட்டு வண்டிக்கடியில் போனார். டேங்க்குக்குள் மிதவை ஒன்று உண்டு, டீசலோடு ஏறி இறங்கும், அது அனுப்புகிற செய்தியைத்தான் முள் காட்டும். அந்த மிதவையின் தலையிலிருந்து வயரைக் கழற்றினார்.

"எங்க நிக்கி?"

"எஃப் தான்ப்பா."

"கழத்திட்டேன் பிள்ள. நல்லாப் பாரு."

"பாத்துட்டேன். எஃப்லயே நிக்குது. இது என்னப்பா, பைத்தியமா, பாகல் முள்ளா?"

"அப்ப மிதவையும் இல்ல. நடுவுலதான் எங்கியோ வயரு இரும்புல உரசுது. இரும்பத் தொட்டா முள்ளுக்கு ஃபுல்லுன்னு அர்த்தம். உள்ள என்ன இருக்குன்னு அதுக்குத் தெரியாது."

மல்லாந்தபடியே வண்டியின் அடிச்சட்டத்தோடு ஓடிய வயரை ஒவ்வொரு சாணாக அசைத்துக்கொண்டு நகர்ந்தார். வெளியே அவர் பாதங்கள் மட்டும் தெரிந்தன. "இப்ப?" "எஃப்." "இப்ப?" "எஃப்." கோமதிக்குச் சலித்துவிட்டது. அவள் கண் கேசட்டுக்குப் போய்விட்டது. அதை எடுத்து, வளைவை நிமிர்த்தப் பார்த்தாள்.

அந்த நேரத்தில் முள் விழுந்தது. எஃப்பிலிருந்து நழுவி, நடுவைத் தாண்டி, இ என்ற எழுத்தில் போய்ப் படுத்தது. பார்த்தது செங்கம்மாள்தான். வாய் தானாகச் சொன்னது.

"ஏங்க! நெறஞ்சிருக்கு!"

"அப்பாடா" என்றார் சிவஞானம் அடியிலிருந்து. "புடிச்சிட்டேன். கிளிப்புக்குக் கீழ தோல் உரிஞ்சு செம்பு தெரியுது."

கோமதி நிமிர்ந்து பார்த்தாள். "அம்மா, என்ன உளறுத? அப்பா, அம்மா கலத் போல்தி ஹை, தப்பாச் சொல்லுதா! முள்ளு கீழ வந்திருச்சு. காலி! காலி காட்டுது."

"அதத்தானடி நானும் சொன்னேன்."

"நீ நெறஞ்சிருக்குன்னு சொன்ன."

"ஆமா."

"நெறஞ்சிருக்குன்னா ஃபுல்லும்மா. எனக்கு அவ்வளவு தமிழ் கூடவா தெரியாது?"

செங்கம்மாள் சிரிக்கப் பார்த்தாள். "உப்பு நெறஞ்சிருக்கு, அரிசி நெறஞ்சிருக்குன்னு தெனமும் சொல்லுதனே. கேட்டதே இல்லியா நீ?"

"கேட்டிருக்கேனே! நீ உப்பு நெறய இருக்குன்னு சொல்லுவ. அப்பா உடனே பையத் தூக்கிட்டுப் போயி இன்னும் ரெண்டு பாக்கெட் வாங்கிட்டு வருவாரு. நானும் அண்ணனும் எவ்வளவு சிரிச்சிருக்கோம். 'நம்ம வீட்டுல நெறய இருந்தாத்தான் வாங்குவாங்க, யே லோக் ஐசே ஹீ ஹைன், இவங்க இப்படித்தான்' அப்படிம்பான்."

ஜன்னல் விளிம்பிலிருந்து செங்கம்மாளின் கை நழுவியது.

"அண்ணனுமா?"

"ஆமா. அவனுக்கும் எனக்கும் ஒரே தமிழ்தான். ஏம்மா, என்ன ஆச்சு?"

இரண்டு பாதங்களும் அசையாமல் கிடந்தன. பிறகு மெல்ல முழங்கால் மடங்கியது. சிவஞானம் வெளியே வந்தார். எழுந்திருக்கவில்லை. பின்சக்கரத்தில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தார். மூக்கில் கிரீஸ் ஒட்டியிருந்தது.

"கேட்டிருக்கான்" என்றார். "கேட்டுட்டுத்தான் போயிருக்கான்."

கோமதிக்கு விளங்கவில்லை. செங்கம்மாள்தான் சொன்னாள், ஒவ்வொரு சொல்லாக. "அன்னிக்கி அவன் டீசல் இருக்கான்னு கேட்டான். அப்பா இல்லைன்னு சொன்னாரு. இந்த வார்த்தையச் சொல்லித்தான் சொன்னாரு."

கோமதி கேசட்டை மடியில் போட்டுவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்பா நிறைந்திருக்கிறது என்றார். முள்ளும் எஃப் என்றது. பிள்ளை ஏன் பம்பில் நிறுத்தப்போகிறான்? ஒரு கவனக்குறைவும் இல்லை, ஒரு திமிரும் இல்லை. சட்டப்படி கேட்டு, பதில் வாங்கிக்கொண்டு, "சரிப்பா" என்று சொல்லிவிட்டுப் போனவன். இரண்டு மாதமாக அவன்மேல் வைத்திருந்த கோபம் செங்கம்மாளை விட்டு ஒரே மூச்சில் இறங்கிப் போயிற்று. போன இடத்தில் ஒன்றும் வந்து நிரம்பவில்லை.

"நான்தான் உங்களுக்கு அந்தப் பேச்சப் பழக்கினேன்" என்றாள்.

"சும்மா இரு." அவர் அவளைப் பார்க்கவில்லை. "அந்த டேப்ப எடு."

செம்பு தெரிந்த இடத்தில் அவர் டேப்பைச் சுற்றினார். போதும் என்று தெரிந்த பிறகும் சுற்றிக்கொண்டே இருந்தார். வயரை இரும்பில் படாமல் தள்ளி வேறு கிளிப்பில் கட்டினார். மிதவையின் வயரை மாட்டினார். கேனிலிருந்து டீசலை ஊற்றிவிட்டு, தானே டிரைவர் சீட்டில் ஏறிச் சாவியைத் திருப்பினார். முள் தயங்கி எழுந்து, இ-க்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றது. ஊற்றிய அளவு. பொய் இல்லை. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கையைக்கூடக் கழுவாமல் மார்க்கெட்டை நோக்கி நடந்தார். செங்கம்மாளும் பின்னால் போனாள். எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடிக் கதவை அவர் சாத்திக்கொள்ள மறந்துவிட்டார். கோவில்பட்டிக்குப் போட்டார்.

"அண்ணே, நான்தான். நம்ம இசக்கி மேல ஒரு தப்பும் இல்லண்ணே... ஆமா. நான் தப்பாச் சொல்லிட்டேன் உங்ககிட்ட. அவன் கேட்டுட்டுத்தான் போனான்... ஆமாண்ணே."

அந்தப் பக்கம் அண்ணன் என்ன கேட்டார் என்பது செங்கம்மாளுக்கும் கேட்டது. காது மந்தமான மனிதர், கத்தித்தான் பேசுவார்.

"அப்ப யாரு மேலடே தப்பு?"

சிவஞானம் வாயைத் திறந்தார். சுவரில் பில் மீட்டரின் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றார். அண்ணன் "அலோ, அலோ" என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். இவர் ரிசீவரைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பூத்துக்காரர் எழுந்து வந்து, "ஹோ கயா, அங்கிள்?" என்று, முடிந்ததா எனக் கேட்டுவிட்டு, முகத்தைப் பார்த்துத் திரும்பிப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் பீரோவுக்குப் பின்னாலிருந்து போட்டோவை எடுத்தார். கிரீஸ் கையோடு ஆணி அடித்தார். சட்டத்தின் ஓரத்தில் கறுப்பாக ஒரு விரல் பதிந்துவிட்டது. கோமதி துடைக்கப் போனாள். அது போகவில்லை.

கோபாலன் வந்து வண்டியை ஓட்டிப் பார்த்தார். முள் கச்சிதம் என்றார். எடுத்துக்கொண்டு போனார்.

இனி அந்தச் சொல்லை எடுப்பதில்லை என்று செங்கம்மாள் தனக்குள் முடிவு செய்திருந்தாள். இல்லை என்றால் இல்லை. கோமதிக்கும் விளங்கும், ஊருக்கும் விளங்கும். வீட்டை விட்டுப் போக இனி எந்த லட்சுமி பாக்கி?

சித்திரை பிறந்து ஒரு வெள்ளிக்கிழமை. விளக்கேற்றிவிட்டு அடுக்களைக்குள் போனாள். உப்பு டப்பாவைத் திறந்தாள். கரண்டி தகரத்தில் உரசியது. கூடத்தில் சிவஞானம் பேப்பரை மடித்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். கோமதி தலை வாரிக்கொண்டிருந்தாள். செங்கம்மாள் நிலைப்படியில் வந்து நின்று, அந்த நேரான சொல்லை எடுத்துச் சொல்ல வாயைத் திறந்தாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"ஏங்க" என்றாள். "உப்பு நெறஞ்சிருக்கு."

கோமதியின் சீப்பு நின்றது.

சிவஞானம் எழுந்து, கதவுக்குப் பின்னால் தொங்கிய பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.